நாற்பத்தொன்பது வயது ஆண்

பென்னலூர்
8.11.2005

என் அன்பு மகள் ஜூலிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இதுவரை வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கம்பெனி வண்டிகள் உள்ளே வருவதில்லை. நீ போன பிறகு முன் அறைக்கு ஒரு பெண் வாடகைக்கு வந்திருக்கிறாள் என்று சொன்னேனே, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் தங்கமாரி, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து போய் ஷிப்டுக்கு வண்டி ஏறுகிறாள். "எங்கூர்ல மழை வரணும்னு கும்பிடுவோம் அத்தை, இங்கன நிக்கணும்னுல்லா கும்பிடணும் போலிருக்கு" என்கிறாள். அந்தப் பெண் இருப்பதால் வீட்டில் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்கிறது.

டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். காலையில் தலைக்குக் குளிக்காதே. சப்பாத்தியே சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனால் தயிர் வாங்கிக்கொள்.

உன் கடிதத்தில் கேட்டிருந்ததற்கு வருகிறேன். போனில் பேசியிருக்கலாம். போன் இருக்கும் இடத்தில்தான் அப்பாவின் கட்டிலும் இருக்கிறது.

காலேஜில் மூன்று மாதப் பயிற்சி என்று உன்னை அனுப்பியபோது, ஏதோ ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து எழுதுகிற வேலை என்று நினைத்தேன். புகையிலைப் பாக்கெட்டின் மேல் என்ன அச்சடிக்க வேண்டும் என்று சர்க்காருக்கு எடுத்துச் சொல்கிற ஆபீஸ் என்பது இப்போதுதான் புரிகிறது. படிக்கத் தெரியாதவனுக்கும் உறைக்கிற மாதிரி படம் போட வேண்டும் என்கிறீர்கள். நல்ல காரியம்தான். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதிகாரிகளுக்குக் காட்டுகிற ஆல்பத்தில் வைக்க அப்பாவின் வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி என்னைக் கேட்கிறாயே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெயர் வராது, ஊர் வராது, "ஆண், 49 வயது, தொழிற்சாலைத் தொழிலாளி" என்று மட்டும்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்த நாற்பத்தொன்பது வயது ஆணுக்குத்தான் நான் கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி மூக்குக் குழாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரோ மாதிரி எழுதாதே.

அப்பா எப்படி இதில் விழுந்தார் என்று உங்கள் ஆபீசில் சொன்னாயா? பெயின்ட் அடிக்கிற பிரிவில் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. பீடி, சிகரெட் பிடித்தவர்கள்கூட அங்கே வந்த பிறகு விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டு, எல்லோரும் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை, சூப்பர்வைசருக்கும் தெரியாது. ஓ.டி. பார்க்கும்போது தூக்கமும் வராது. நம் சாலமோனுக்குக் கெட்ட பழக்கமே கிடையாது என்று ஆயர் சபையில் வைத்துச் சொன்னபோதும் கன்னத்தில் அது இருந்தது. அவர் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

இப்போது அவர் முகத்தைத் துண்டால் மூடாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை. தாடையில் எலும்பை எடுத்த பக்கம் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. நாக்கில் மிச்சமிருக்கும் பாதியை வைத்து அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும். எனக்கும் புரியாவிட்டால் தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடைசியாக வந்த அன்று முன்வரிசையில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்து வீறிட்டு அழுதது. அதன் தாய் எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள், ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. படத்தைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறீர்கள். தங்கமாரியின் அண்ணன் கொம்பையா ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். ஊரில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்க வருவான். முதல் தடவை வந்தபோது அப்பா துண்டில்லாமல் இருந்தார். கொம்பையா பார்த்துவிட்டு, வெளியே ஓடி வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் தங்கையை மெயின் ரோட்டுக்கு வரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் பொட்டலத்தை விடவில்லை ஜூலி. நம் வீட்டுக்கு வருவதைத்தான் விட்டான்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து உன்னைப் பெண் கேட்டவர்கள் மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு வந்தது பரம்பரை வியாதியா என்று விசாரித்தார்களாம். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இந்த நேரத்தில் படம் வேறு வெளியே வந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

அப்பாவின் கழுத்தில் கொஞ்சம் வீக்கம் தெரிகிறது. தையல் போட்ட இடம் மழைக் குளிருக்கு இறுகும் என்கிறார். ரோட்டில் தண்ணீர் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு. வேறு என்ன வேண்டுமானாலும் கேள். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

உன் அம்மா,
கிரேசி

*

பென்னலூர்
24.11.2005

அன்புள்ள ஜூலி,

நான் ஆராதனைக்குப் போகிற நேரம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் போன் செய்திருக்கிறாய்.

இந்தக் கோபத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன், இனி இல்லை. நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யார் பேசியது என்று கேட்டேன். உன் பெயரை மட்டும் சொன்னார். அதுதான் அவர் வாயில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி வருகிற ஒரே பேர்.

நீ ஒருத்தியே பேசியதையும், ஆமாம் என்பதற்கு அவர் நகத்தால் போனைத் தட்டியதையும், நீ அழுததையும் எழுதிக் காட்டினார். எனக்கு எழுதிய கடிதத்தில் நீ அழவில்லையே. பயிற்சிக்கு வந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் புத்தகத்திலும் கம்ப்யூட்டரிலும் படம் தேடுகிறார்கள், நான் மட்டும் ஒவ்வொரு படத்திலும் அப்பாவைப் பார்க்கிறேன் என்று சொன்னாயாம். வெளிநாட்டுக்காரர் முகத்தைக் காட்டினால் இது நம் ஊரில் வராது என்று அதிகாரிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்றாயாம். இதையெல்லாம் எனக்கு எழுதியிருந்தால் நான் கொஞ்சம் வேறு மாதிரி பதில் போட்டிருப்பேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் வேறு மாதிரி.

இரண்டு நாள் அவர் ஒன்றும் எழுதவில்லை. கஞ்சி ஊற்றும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து, வெந்நீர் கேட்டு வாங்கி, முகத்தில் தையல் இல்லாத இடமெல்லாம் தானே சவரம் செய்துகொண்டார். நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. பிறகு ஒரு தாளில், ஸ்டூடியோவுக்குப் போகிறேன் என்று எழுதினார்.

நான் சண்டை போட்டேன். உனக்குத் தெரியும், நான் அவரோடு சண்டை போட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. பேச முடியாதவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அன்று போட்டேன். "இன்னாத்துக்கு இதெல்லாம்? ஊரு சனம் பாத்தது போதாதா? அந்தப் பையன் கொம்பையா பாத்துட்டு இன்னா பண்ணான்? மூஞ்சியத் திருப்பிக்கினு ரோட்டோட போயிட்டான். அதே மாதிரி எல்லாரும் திருப்பிக்கினு போவாங்க" என்றேன். தங்கமாரி ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும். அண்ணனைப் பற்றிச் சொன்னேனே என்று பிறகு சங்கடமாக இருந்தது.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதினார். முகத்தைத் திருப்பட்டும், ஆனால் பாக்கெட் அவன் கையில்தானே இருக்கும் என்று. மறுபடி பிரிக்கும்போது மறுபடி நான் இருப்பேன் என்று இன்னொரு வரி எழுதினார்.

உன் ஆபீசில் இருப்பவர்கள் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களோ என்னவோ.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அதை நான் எழுத விரும்பவில்லை. எழுதாவிட்டால் நீ மறுபடி நான் ஆராதனைக்குப் போகிற நேரத்தில் போன் செய்வாய். "49 வயது ஆண்" என்பது வேண்டாமாம். சாலமோன் என்று பெயர் போட வேண்டுமாம். அதிகாரிகள் கூட்டத்தில் படத்தைக் காட்டுவது நீ என்றால், இவர் என் அப்பா என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டுமாம். யாரோ ஒரு நோயாளி என்று சொல்வதாக இருந்தால் படம் கிடையாது.

உன் கல்யாணத்தைப் பற்றி நினைத்தீர்களா என்று கேட்டேன். நினைத்தேன் என்று தலையாட்டினார். என் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிற மாப்பிள்ளை அவளுக்கு எதற்கு என்று எழுதினார். ஆண்பிள்ளைகள் இப்படிச் சுலபமாக எழுதிவிடலாம். நாளைக்கு வாசலில் வந்து கேட்பவர்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

ஷேர் ஆட்டோவில் தனியாகத்தான் போனார். என்னை வரக் கூடாது என்றுவிட்டார். தெருமுனை திரும்புகிறவரை துண்டு முகத்தில் இருந்தது. திரும்பி வந்தபோது தோளில் கிடந்தது. போன இடத்தில் என்ன நடந்தது என்று எழுதவில்லை, களைப்பில் படுத்துவிட்டார். படம் இரண்டு நாளில் தருவதாக ஸ்டூடியோ கோபால் சொல்லியிருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. பூந்தமல்லி ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, பஸ் சுற்றிப் போகிறது. அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. கழுத்து வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் கூடியிருக்கிறது. இதை உனக்கு எழுதக் கூடாது என்றார், வீக்கம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. அப்பாவோடு நீ பேசியதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் அன்றைக்குச் சவரம் செய்துகொண்டார், அது போதும். கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அம்மா

*

பென்னலூர்
5.12.2005

என் கண்ணே ஜூலி,

இதோடு அப்பாவின் படம் இருக்கிறது. அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது மடங்காமல் பார்த்துக்கொள். வரும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்பச் சொல்லித் தங்கமாரியிடம் கொடுக்கிறேன்.

இந்தப் படம் இரண்டாவது தடவை போய் வாங்கி வந்தது. முதலில் கோபால் கொடுத்த கவரைத் திறந்தால், உள்ளே அப்பா முழு முகத்தோடு இருந்தார். இரண்டு கன்னமும் நிறைந்து, தாடை நேராக, மூக்கில் குழாய் இல்லாமல். பழைய படத்தைக் கொடுத்துவிட்டானோ என்று பார்த்தால், அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன அதே நீலச் சட்டை. கோபால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நல்ல கன்னத்தைத் திருப்பி எடுத்து மறு பக்கம் ஒட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்காரர் எடுத்துவிட்டதையெல்லாம் பொறுமையாகத் திருப்பி வைத்திருக்கிறான்.

அப்பா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார் ஜூலி. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எச்சில் வழிந்து, தையல் இழுத்து, வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார். டாக்டரைவிட இவன் நன்றாகத் தைத்திருக்கிறான் என்று எழுதினார். அதன் கீழேயே, போய் என் முகத்தை வாங்கி வா என்று எழுதினார்.

நான்தான் போனேன். என்னைப் பார்க்கக் கோபாலுக்கு முகமே இல்லை. "அண்ணன் வந்து துண்ட எடுத்தாரும்மா, எனக்கு கேமராவப் புடிக்கவே முடியல. அவரு எப்டி இருந்தவருன்னு எனக்குத் தெரியாதா? மனசு கேக்காமத்தான் சரி பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். தப்பில்லை தம்பி, டெல்லிக்கு ஜூலிக்கு அனுப்ப வேண்டும், எடுத்தது எடுத்தபடி ஒன்று கொடு என்றேன். "இத்தையா டெல்லிக்கு அனுப்பப் போறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டான். ஆமாம் என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான், நானும் சம்மதித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

சரிசெய்த படத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதைப் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டுத் தரட்டுமா என்று கோபால் கேட்டான். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரோடு வரை அப்பாவால் நடக்க முடியவில்லை. தங்கமாரி சொல்லிக் கொம்பையா வந்தான். நான் அவனைப் பற்றிப் பேசியது அவன் காதுக்குப் போயிருக்கும், ஆனாலும் வந்தான். தெருத் தண்ணீரில் இறங்கி அப்பாவைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார வைத்தான். அவன் மூச்சில் அந்த வாடை அடித்தது. அப்பா அவன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பொட்டலம் இருந்தது. கொம்பையா தலையைக் குனிந்துகொண்டு, "விட முடியலையே மாமா, நான் என்ன செய்யட்டும்" என்று சொன்னான். அப்பா அவன் கன்னத்தில் கையை வைத்து, எடுத்துவிட்டார். திட்டவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

டாக்டர் நல்லபடியாகப் பேசினார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்தார். இந்த மழையில் இவ்வளவு தூரம் இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வலிக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார். கூட யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். ஒரே மகள், டெல்லியில் படிப்புக்காகப் போயிருக்கிறாள், புகையிலைக்குச் சட்டம் போடுகிற இடத்தில் பயிற்சி என்று சொன்னேன். அப்படியா என்று அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்தினார். நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று நீ போன் செய்தபோது, நல்லாத்தான் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உன்னிடம் தனியாகப் பேசலாம் என்று குடையை எடுத்தேன். போகவில்லை. வாயைத் திறந்தால் பேச்சு வராது என்று தெரிந்தது.

சிங்கப்பெருமாள் கோவில்காரர்களுக்கு நானே சொல்லி அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் படம் பாக்கெட்டில் வந்தாலும் வரும், பார்த்துவிட்டு விருப்பம் இருந்தால் வாருங்கள் என்று. அவர்கள் வரமாட்டார்கள். பரவாயில்லை.

கூட்டத்தில் நீ எழுந்து நின்று படத்தைக் காட்டும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும். சாலமோன் என்று பெயரைச் சொல். பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவர் என்று சொல். என் அப்பா என்று சொல். அவர் சொல்லச் சொன்னதற்காக இல்லை, நானும் சொல்கிறேன். அந்தப் பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பினால், நீ அடுத்த படத்துக்குப் போகாமல் கொஞ்சம் நின்றுகொள்.

கூட்டம் முடிகிறவரை தன் உடம்பைப் பற்றி உனக்கு ஒன்றும் எழுதக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. பிள்ளை எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டு ஓடி வரக் கூடாது என்கிறார். பயிற்சி இந்த மாதம் இருபதாம் தேதி வரை இருக்கிறது, முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு நிதானமாக வந்தால் போதும் என்கிறார். உன் மேலதிகாரி அம்மா நல்லவர் என்று எழுதியிருந்தாய். திங்கட்கிழமை கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசு. அன்று இரவே ஒரு ரயில் இருக்கிறதாம், தங்கமாரி விசாரித்துச் சொன்னாள். இடம் கிடைக்காவிட்டாலும் ஏறிவிடு. ரயிலில் பெண்கள் யாராவது பக்கத்தில் இடம் கொடுப்பார்கள்.

நம் இருவரையும் படைத்தவர், உன் அப்பாவையும் கொடுத்தவர், வழியெல்லாம் உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

இங்கே அவசரம் ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நீ கிளம்பி வா.

உன் அம்மா,
கிரேசி